பதினெட்டாம் அத்தியாயத்தில் ருத்ரவர்மன் கேட்ட கேள்வி

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் பிரியும் சாலையில் ஒரு ஹார்ட்வேர் கடை. அதன் கல்லாவில் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கும் விமலாவுக்கு நாற்பத்தேழு வயது. எந்த அளவு ஆணி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதே விமலாதான் ‘மதுவந்தி’ என்ற பெயரில் கைப்பேசிச் செயலி ஒன்றில் காதல் தொடர்கதை எழுதுகிறவள், நாலாயிரம் பேர் அவள் கதைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கடை முதலாளியான தவுக்கேக்குத் தெரியாது. அவள் எந்நேரமும் போனில் கேம் விளையாடுகிறாள் என்று அந்தச் சீனக் கிழவர் நினைத்துக்கொண்டிருந்தார். “ரொம்ப ஆடாதே, கண்ணு கெட்டுப் போகும்” என்று ஒருமுறை அன்பாகக் கண்டித்தும் இருக்கிறார்.

மதுவந்தியின் கதாநாயகர்கள் எல்லாரும் ஒரே அச்சு. ஆறடி இரண்டங்குலம். ஒன்பது நிறுவனங்களுக்குத் தலைவன். அந்த நிறுவனங்கள் என்னதான் தயாரிக்கின்றன என்று எழுதிய விமலாவுக்கே தெரியாது. கோபம் வந்தால் கண் சிவக்கும், அதுவும் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடவை வரும். பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தை முடிவு செய்வார்கள். பெண்ணை ஒருவரும் கேட்க மாட்டார்கள். பத்தாம் அத்தியாயத்தில் தாலி. அதற்குப் பிறகு முப்பது அத்தியாயத்துக்கு நாயகன் உறுமுவான், மணிக்கட்டைப் பிடிப்பான், சுவரில் சாய்ப்பான். நாற்பதாவதில், பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளைத்தான் காதலித்தான் என்று தெரியவரும். நாற்பத்தைந்தில் இரட்டைக் குழந்தை. இந்தப் பக்குவத்தில் மூன்று கதை எழுதி முடித்துவிட்டு நான்காவதான ‘முடிச்சுப் போட்ட மூர்க்கன்’ கதையில் இறங்கியிருந்தாள்.

எழுத்து வேலையெல்லாம் கல்லாவில்தான். “அவனது அனல் மூச்சு அவள் கழுத்தில்...” என்று தட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து, “அக்கா, கக்கூஸ் அடைப்பு எடுக்கிற பம்பு இருக்கா?” என்பார்கள். “மூணாவது அடுக்கு, கீழ” என்று தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டு அனல் மூச்சுக்குத் திரும்பிவிடுவாள்.

வாசகிகளுக்கென்று வாட்சப்பில் ‘மதுவந்தி வட்டம்’ என்று ஒரு குழு இருந்தது. நடத்துகிறவர் பாகான் செராய் கிளினிக்கில் மூத்த தாதியாக இருக்கும் பெர்னடெட் அக்கா. ஐம்பத்து மூன்று வயது. ஊசி போடும் கை. குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களும் ஓர் ஆணும். அந்த ஆண், கோப்பெங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுகுமாரன். இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்காட்டவே சேர்ந்ததாகச் சொல்வார். ஆனால் “அடுத்த யூடி எப்போது?” என்று அடுத்த அத்தியாயத்தைக் கேட்டு முதலில் வந்து நிற்பவரும் அவரே. ஒவ்வொரு அத்தியாயமும் முதலில் பெர்னடெட்டுக்குப் போகும். அவர் ல, ள, ழ திருத்தி அனுப்பிய பிறகுதான் செயலியில் ஏறும்.

பதினெட்டாம் அத்தியாயம் முதலிரவு. வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டியது. வியாழக்கிழமை சாயங்காலத் தேநீருக்கு விமலாவும், கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் தினேஸ்வரியும் பின்பக்கம் சிமெண்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். தினேஸ்வரிக்கு இருபத்தைந்து வயது. மதுவந்தி யாரென்று தெரிந்த ஒரே சக ஊழியர்.

“அக்கா, ஞாயித்துக்கெழம தெலுக் இந்தான்லேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வாராங்க.”

“அடிப்பாவி! சொல்லவே இல்ல?”

“என்கிட்டயே நேத்துதான் சொன்னாங்க.”

“பையன ஒனக்குப் புடிச்சிருக்கா?”

“போட்டோ காட்டுனாங்க. புடிச்சிருக்கான்னு கேக்கல. ரோஸ் சேலையா, பச்ச சேலையான்னு கேட்டாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“ரோஸ்.” தினேஸ்வரி உருளைக்கிழங்கு வைத்த கறிபாப்பைக் கடித்தாள். “பரவால்ல லா அக்கா. ஒங்க கதையில வர்ற பொண்ணுங்களையும் யாரும் கேக்கறதில்லயே. நாப்பதாவது எபிசோட்ல எல்லாருக்கும் சரியாயிடுது. எனக்கும் ஆயிடும்.”

“அது கதை லா!”

“தெரியும். ஆனா ஒங்களுக்குத் தெரியாமயா எழுதுவீங்க?”

விமலாவின் தொண்டையில் உருளைக்கிழங்கு நின்றுவிட்டது. தினேஸ்வரி முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று கடை சாத்துமுன் பதினெட்டாம் அத்தியாயத்தைத் திறந்தாள். ருத்ரவர்மன் கதவை அறைந்து சாத்தும் இடம் வரை எல்லாம் தயார். அடுத்த வரியில் தேன்நிலாவின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். ‘மணிக்கட்டை’ என்று தட்டியதும் விமலாவின் விரல் நின்றது. மணிக்கட்டை அழித்தாள். ரோஸ் சேலைதான் கண்ணுக்கு முன் நின்றது. யோசிக்காமல் தட்டினாள்:

“உனக்குச் சம்மதமா?” என்று ருத்ரவர்மன் கேட்டான்.

தேன்நிலா, “இல்லை” என்றாள்.

“சரி” என்றான் ருத்ரவர்மன்.

எழுதிவிட்டு விழித்தாள். மூன்று கதை எழுதியவள், ‘சரி’ சொன்ன நாயகன் அடுத்து என்ன செய்வான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வான்? கடைசியில் அவனைத் தலையணையோடு சோபாவுக்கு அனுப்பினாள். ஆறடி இரண்டங்குலத்துக்கு அந்தச் சோபா போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தோடு அத்தியாயம் முடிந்தது. மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் பெர்னடெட்டுக்குக்கூட அனுப்பாமல் வெள்ளிக்கிழமை காலையில் ஏற்றிவிட்டாள்.

மதியத்துக்குள் குழு கொதித்துவிட்டது.

“இவன் ஹீரோவா, பேங்க் ஆபிசரா? பாரத்துல கையெழுத்து வாங்கிட்டுத்தான் தொடுவானா?” என்று ஈப்போவிலிருந்து ஒருத்தி. “பதினெட்டு எபியா காத்திருந்தது சோபாவப் பாக்கவா சிஸ்?” என்று இன்னொருத்தி. “ஆன்டி ஹீரோன்னு சொல்லிட்டு தயிர்சாதம் போட்டுட்டீங்க” என்று மூன்றாமவள். தலைமையாசிரியர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார்: “ஒன்பது நிறுவனங்களின் தலைவர் வீட்டில் நீளமான சோபா ஒன்று இராதா?” இவற்றுக்கு நடுவே கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள்: “எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தொரு வருசம். இந்த எபிய நாலு தடவ படிச்சேன். அழுதேன். ஏன்னு கேக்காதீங்க.” அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு மறுபடி சோபாவுக்கு வந்தார்கள்.

சாயங்காலம் பெர்னடெட் கூப்பிட்டார்.

“விமலா, ஒனக்குக் காய்ச்சலா?”

“இல்ல அக்கா.”

“பின்ன என்னா இது? காலையிலேர்ந்து நாப்பது பேருக்கு பிளட் பிரஷர் எடுத்துட்டு, ஓய்வு ரூம்ல உக்காந்து போனத் தொறக்கறேன், இவன் ‘சரி’ங்கறான்! எனக்கே பிரஷர் ஏறிடுச்சு. அவன ஒழுங்கா கோபப்பட வை.”

விமலா சிமெண்டு மூட்டை மேல் நடந்த பேச்சைச் சொன்னாள். மறுமுனை வெடித்தது.

“என்னாது? பொண்ணக் கேக்காம நிச்சயம் பண்ணப் போறாங்களா? எந்தக் காலத்துல இருக்கானுங்க? நீ ஞாயித்துக்கெழம அங்க போற. போயி, எல்லார் முன்னாலயும் கேக்கற. இல்லாட்டி நான் பாகான் செராய்லேர்ந்து பஸ் ஏறி வாரேன்!”

“அக்கா, அப்ப ருத்ரவர்மன்?”

“அவன் வேற டிப்பார்ட்மெண்ட் லா. அவன் கேக்கக்கூடாது. பொரிச்ச மீன்ல முள்ளு இருக்குன்னு படத்துல இருக்கற மீனப் பாத்து யாராச்சும் பயப்படுவாங்களா?” என்று ஏதோ சொல்லிவிட்டு, அது தனக்கே சரியாகப் புரியாததால் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் விமலாவின் கணவன் அர்ச்சுனன் கேமரன் கீரை லாரியை ஈப்போ பாசார் சந்தையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தான். மனைவி குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதைப் பார்த்து, “என்னா ஆச்சு?” என்றான்.

“என்னாங்க, நம்ம கல்யாணத்தன்னிக்கு நீங்க என்னைக் கேட்டீங்களா?”

“என்னா கேட்டனா?”

“எனக்குச் சம்மதமான்னு.”

அர்ச்சுனன் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தான். அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ரப்பர் தோட்டத்து லயத்தில் இரண்டு அறை வீடு, பதினொரு சொந்தக்காரர்கள், பலகைச் சுவர். யாராவது தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள்.

“ஃபேன ரெண்டுல வைக்கவா, மூணுல வைக்கவான்னு கேட்டேன்” என்றான் கடைசியில்.

“அதான் கேட்டீங்க. அது மட்டும்தான் கேட்டீங்க.”

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய், லாரிச் சக்கரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விமலா ‘கடை அக்கா’ என்ற உரிமையில் தினேஸ்வரி வீட்டுக்குப் போனாள். சமையலறையில் கேசரி கிண்டினாள். வாயைத் திறக்கக்கூடாது, தேநீர் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். எத்தனை ஆயிரம் பேர் படித்தாலும் நேருக்கு நேர் நாலு பேர் முன்னால் பேச அவளுக்கு நாக்கு வராது.

மாப்பிள்ளை தனேஸ்வரன், செம்பனை எண்ணெய் ஆலையில் எடைக் கணக்கு எழுதும் கிராணி. ஐந்தரை அடி. கண் சிவக்கவில்லை, வியர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பமும் சம்பளம், ஜாதகம், அத்தையின் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்தன. தினேஸ்வரியின் பெரியப்பா பத்துமலை, ஒரு தோட்டத்தின் முன்னாள் கங்காணி. வேலையாட்களைப் பெயர் கூப்பிட்ட குரல் இன்னும் இறங்கவில்லை. அவர் தொடையில் தட்டி, “அப்ப தை மாசம் வெச்சுக்கலாம்!” என்றார்.

தேநீர்த் தட்டோடு நின்ற விமலாவின் வாயிலிருந்து அது தானாக விழுந்தது.

“பொண்ணுகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

எல்லாத் தலையும் திரும்பியது.

“என்னா கேக்கணும்?” என்றார் பத்துமலை.

“சம்மதமான்னு அண்ணே.”

“அதான் ரோஸ் சேல கட்டிக்கிட்டு வந்து நிக்குதே! அதவிட வேற எப்பிடிச் சொல்லும்?”

அப்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான்.

“என்னையும் யாரும் கேக்கல அங்கிள்.”

அவன் அம்மா பாய்ந்தார். “டேய், நீதானடா காலையில சட்டைய ஐயன் பண்ணுன?”

“நீங்கதானம்மா பண்ணச் சொன்னீங்க.”

தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில், இரண்டு பேரும் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசட்டும், கடை அக்கா கூட நிற்கட்டும் என்று முடிவாயிற்று. விமலா மூன்றடி தள்ளி நின்று, பக்கத்து வீட்டு கேஸ் தோம்பு சிலிண்டரை மிகுந்த அக்கறையோடு பார்த்தாள். காது மட்டும் இங்கே இருந்தது.

“ஒங்களுக்குச் சம்மதமா?” என்றான் தனேஸ்வரன்.

“தெரியல. ஒங்களுக்கு?”

“எனக்கும் தெரியல.”

“நல்லதாப் போச்சு” என்றாள் தினேஸ்வரி.

உள்ளே போய் அதையே சொன்னார்கள். பத்துமலை திணறிப்போனார். ஆமாம் என்றால் தேதி குறிக்கலாம், இல்லை என்றால் சண்டை போடலாம். ‘தெரியல’ என்றால் என்ன செய்வது என்று அவருக்கு அவருடைய அப்பாகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. “அப்ப... கேசரி சாப்பிடுங்க” என்றார். எல்லாரும் சாப்பிட்டார்கள். இரண்டு மாதம் போனில் பேசிப் பார்ப்பது, அதன் பிறகு பதில் என்று பேச்சு முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கிளம்பும்போது விமலாவைப் பார்த்து, “நீங்க எந்த மாதர் சங்கம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் விமலாவின் போன் அடித்தது. அர்ச்சுனன், மலைமேல் கம்போங் ராஜாவிலிருந்து.

“விமலா, யோசிச்சுப் பாத்தேன். நான் கேக்கல. கேக்கணும்னே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரல. பயமா வேற இருந்துச்சு.”

“ஒங்களுக்கா?”

“பின்ன? நீ மூணுன்னு சொன்ன. மூணுல வெச்சா எனக்கு மூக்கு அடைச்சுக்கும். இருந்தாலும் வெச்சேன். விடிய விடிய வாயாலதான் மூச்சு விட்டேன்.”

இருபத்து மூன்று வருடம் கழித்து வந்த தகவல். கல்லா முன்னால் குழாய் வாங்க நின்றவர் இருக்கிறார் என்பதையும் மறந்து விமலா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அர்ச்சுனன் எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிற ஆள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்க ஆரம்பித்தான். “விமலா, டிவி சேனல மாத்த ஒனக்குச் சம்மதமா?” “இந்தக் கடைசி நெத்திலிய நான் எடுத்துக்கலாமா? யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல.” ஒருநாள் குளியலறை வாசலில் துண்டோடு நின்று, “நான் குளிக்கலாமா?” என்றபோது, “ஐயோ, போய்க் குளிங்க! சம்மதம், சம்மதம், மூணு வேளைக்கும் சம்மதம்!” என்று கத்தினாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

கதையில் ருத்ரவர்மன் சோபாவிலேயே கிடந்தான். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. ஒவ்வொரு அத்தியாயத்திலும் தேன்நிலா “இன்னும் இல்லை” என்றாள். அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கட்சி, “அவ திமிர அடக்கணும்” என்றது. இன்னொரு கட்சி, “அவ டைம் எடுத்துக்கட்டும், நமக்கென்ன அவசரம்” என்றது. அறுபது பேர் வெளியேறினார்கள். வெளியேறியும் செயலியில் கள்ளத்தனமாகப் படித்தார்கள். எண்ணிக்கை குறையாததை வைத்து விமலா கண்டுபிடித்தாள். தலைமையாசிரியர் முதுகுவலிக்கு ஒரு தைலம் சிபாரிசு செய்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் பெர்னடெட் ஏதோ பயிற்சிக்காக ஈப்போ வந்தார். இருவரும் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள்.

“நான் ஏன் அந்த மூர்க்கன்களப் படிக்கறேன்னு ஒனக்குத் தெரியுமா?” என்றார் பெர்னடெட். “கிளினிக்குல நான்தான் முடிவு எடுக்கணும். வூட்டுலயும் நான்தான். என்னா சமைக்கணும், யாருக்கு மருந்து, எப்ப கார் சர்வீஸ், எல்லாம் நான். புத்தகத்துலயாவது வேற ஒருத்தன் முடிவு எடுக்கட்டும், நான் கையக் கட்டிக்கிட்டுப் பாக்கறேன். அவன் என்னா உறுமுனாலும், போதும்னு நான் போன மூடுனா வாய மூடிடுவான். எதுத்துப் பேச மாட்டான். அந்த மாதிரி ஆம்பள வெளிய எங்க இருக்கான், சொல்லு?”

விமலா யோசித்தாள். “அப்ப நீங்க சம்மதம் குடுத்துட்டுத்தான் படிக்கறீங்க.”

“பின்ன? நான் நர்ஸ் லா. கையெழுத்து இல்லாம எதையும் செய்ய மாட்டோம்.”

“ஆனா தினேஸ்வரி அப்பிடிப் படிக்கலயே அக்கா. அவ அத அப்பிடியே நெசம்னு புடிச்சுக்கிட்டா.”

பெர்னடெட் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார். “அது யோசிக்க வேண்டியதுதான்” என்றார். ஊசி போடும் பெர்னடெட் அக்கா யோசிக்க வேண்டியது என்று ஒப்புக்கொண்டது அவர் வாழ்க்கையில் அபூர்வமாக நடந்தது.

அதன் பலன் என்னவென்றால், மறுவாரம் முதல் மதுவந்தியின் பழைய மூன்று கதைகளுக்கும் முகப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. எழுதியவர் பெர்னடெட். “இக்கதையில் நாயகன் கேட்காமல் கையைப் பிடிப்பான். கதையில் மட்டும். வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் நாற்பதாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டாம். உடனே என் எண்ணுக்கு அழைக்கவும்.” கீழே நிஜமாகவே எண் இருந்தது. முதல் வாரத்தில் ஏழு அழைப்புகள். ஐந்து பேர் அடுத்த யூடி எப்போது என்று கேட்டார்கள். மற்ற இரண்டு பேரிடமும் அவர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார். என்ன பேசினார் என்று விமலாவிடம்கூடச் சொல்லவில்லை.

இருபத்தேழாம் அத்தியாயத்தில் தேன்நிலா, காலைக் கோப்பியை ஆற்றியபடி, “அந்தச் சோபாவை யாருக்காவது கொடுத்துவிடலாமே” என்றாள். ருத்ரவர்மன் கோப்பையைக் கீழே வைத்தான். “யோசித்துத்தான் சொல்கிறாயா?” “ஒன்பது அத்தியாயமாக யோசித்தேன்” என்று விமலா முதலில் எழுதி, பிறகு ‘அத்தியாயமாக’ என்பதை ‘வாரமாக’ என்று திருத்தினாள். அன்று வந்த கருத்துகளை அவள் படித்து முடிக்க இரண்டு நாள் பிடித்தது. “மணிக்கட்டப் புடிச்ச எபில எல்லாம் எனக்கு இப்பிடி ஆகல சிஸ்” என்று எழுதியிருந்தாள், பேங்க் ஆபிசர் என்று திட்டிய ஈப்போக்காரி. வெளியேறிய அறுபதில் ஐம்பது பேர் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். மீதிப் பத்துப் பேர் வேறோர் எழுத்தாளரிடம் போய்விட்டார்கள். அங்கே நாயகன் பதினைந்து நிறுவனங்களுக்குத் தலைவன்.

தினேஸ்வரி இரண்டு மாதம் கழித்து வேண்டாம் என்று சொன்னாள். தனேஸ்வரன் நல்லவன்தான், ஆனால் ஆலையில் அவனைச் சபாவுக்கு மாற்றுகிறார்கள், அவளுக்கு ஈப்போவை விட்டுப் போக மனமில்லை. அவன் “சரி” என்று ஒரு வார்த்தை அனுப்பினான். பத்து நிமிடம் கழித்து, “நீங்க சொன்ன அந்தக் கடை அக்கா கதையோட லிங்க் இருந்தா அனுப்புங்க” என்று இன்னொன்று. இப்போது வட்டத்தில் ஆண்கள் இருவர். பத்துமலை பெரியப்பா மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அடுத்த வரன் கொண்டுவந்தபோது, வாசலிலேயே நின்று, “இந்தா புள்ள, மொதல்லயே சொல்லிடு. சேலையெல்லாம் அப்புறம்” என்றார். அந்த வரனுக்கும் அவள் வேண்டாம் என்றாள். அவர் அதையும் தாங்கிக்கொண்டார்.

விமலா இப்போது ஐந்தாவது கதை எழுதுகிறாள். நாயகனுக்கு ஒரே ஒரு நிறுவனம், அதுவும் டயர் கடை. கேட்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான், அதிலெல்லாம் யாருக்கும் புகார் இல்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவனுக்கு முன்வழுக்கை என்று எழுதிவிட்டாள். வட்டம் மறுபடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இந்தத் தடவை வெளியேறுகிறவர்களுக்குத் தலைமை தாங்குவது பெர்னடெட் அக்கா.